முகத்துக்கு ஸ்பிரிட்ஸா? சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தோலில் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கெமிஸ்ட் கவுண்டருக்குப் பின்னால் 18 வருடம் நின்றவள் நான். தலைவலி மாத்திரைக்கு அடுத்தபடி அங்கே அதிகம் கேட்டு வாங்கிய சாமான் சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான். முழுப்பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "கண்ணு, ஸ்பிரிட்ஸ் ஒரு பெரிய பாட்டில் குடு" என்பார்கள், அவ்வளவுதான். தாத்தாவின் இன்சுலின் ஊசிக்கு, பேரனின் முழங்கால் சிராய்ப்புக்கு, பேத்தியின் பருவுக்கு, காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடப்போகிற மருமகனின் பாதத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பாட்டில்.

என் முகத்துக்கும் அதுதான். 16 வயதில் கன்னம் முழுக்கப் பரு. அம்மா தினமும் ராத்திரி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்ப்பாள். பஞ்சு பழுப்பாகும். "பாத்தியா, எவ்வளவு அழுக்கு!" என்பாள். பஞ்சில் வந்தது பள்ளிக்கூடத்துத் தூசி மட்டுமில்லை, தோலின் எண்ணெய்ப் பசையும் உரிந்த மேல்தோலும்தான் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் கன்னம் செதில் செதிலாக உரிந்தது. பரு போன இடமெல்லாம் கறுப்பாகி, அந்தக் கறுப்பு மங்க இரண்டு வருடம் ஆனது.

அதற்காக பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நல்ல சாமான்தான். ஆனால் அது கருவிகளுக்கும் ஊசிக்கும் உரியது, முகத்துக்கு இல்லை. இந்த ஒன்று பிடிபட்டால் கீழே சொல்வதெல்லாம் தானாக விளங்கும்.

முதல் படி: பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

"ஸ்பிரிட்ஸ்" என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு வேறு சாமான்கள்.

ஒன்று, சர்ஜிக்கல் ஸ்பிரிட். பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி செய்தால் பெரும்பகுதி குடிக்க முடியாதபடி ஆக்கிய எத்தில் ஆல்கஹால். அதோடு 2.5 சதவீதம் விளக்கெண்ணெய், 2 சதவீதம் டைஎத்தில் தாலேட், 0.5 சதவீதம் மெத்தில் சாலிசிலேட் சேரும். தசைவலித் தைலத்தில் வருகிற வாசனை இந்தக் கடைசிப் பொருளுடையது. கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும், லேபிளைப் பார்க்கத்தான் வேண்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலேட் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். தனியாக வரும் ஊசித் துடைப்புத் தாளிலும் பல கைகழுவும் ஜெல்லிலும் இருப்பது இது. எண்ணெய் எதுவும் சேர்க்காததால் காய்ந்ததும் ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது மெத்ஸ், அதாவது மெத்திலேட்டட் ஸ்பிரிட். ஊதா நிறத்தில், ஹார்ட்வேர் கடையிலும் சூப்பர்மார்க்கெட்டில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) வைக்கிற தட்டிலும் கிடைக்கும். அடுப்புக்கும் பெயின்ட் துடைக்கவும் ஆனது. மெத்தனால் கலந்திருக்கக்கூடும், அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். விலை குறைவு என்று இதை வாங்கி முகத்திலோ புண்ணிலோ தடவியவர்களை நானே பார்த்திருக்கிறேன். தோலுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோனும் அப்படித்தான். நகத்தோடு நிற்கட்டும்.

லேபிள் கிழிந்துபோன பாட்டில் வீட்டில் இருந்தால் எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஐசோப்ரோப்பைல் என்றால் சுவடே இருக்காது. விளக்கெண்ணெய் சேர்ந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்றால் சாய்த்துப் பார்க்கும்போது மங்கலாக ஒரு படலம் தெரியும், விரலால் தொட்டால் வழுக்கும். அந்தப் படலம்தான் முகத்திலும் உட்காருகிறது. எண்ணெயைத் துடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறொரு எண்ணெயைப் பூசுகிறோம். ஆனால் ஒன்று, இந்தச் சோதனை வேடிக்கைக்குத்தான். லேபிள் இல்லாத பாட்டிலைத் தோலில் தொடாமல் ஒதுக்கிவிடுவதே சரி.

இரண்டாம் படி: எத்தனை சதவீதம்?

99 சதவீதம் இருந்தால் 70-ஐ விட நன்றாகக் கிருமியைக் கொல்லும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஆல்கஹால் கிருமியின் புரதத்தைக் குலைத்துக் கொல்கிறது, அந்த வேலை நடக்கத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் கலந்தால் ஆவியாவதும் மெதுவாகும், கிருமியோடு கூடுதல் நேரம் நிற்கும். அதனால்தான் ஊசித் துடைப்புத் தாளில் 70 சதவீதம். கைக்கு என்றால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும்.

99 சதவீத ஐசோப்ரோப்பைல் பாட்டில் கையில் இருந்தால் 70 மி.லி. அளந்து ஊற்றி, கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து மொத்தம் 100 மி.லி. வரைக்கும் நிரப்புங்கள். கருவி துடைக்க அது போதும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலக்காதீர்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் கலங்கிவிடும்.

இன்னொன்று, ஆல்கஹால் எல்லாக் கிருமியையும் கொல்லாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் தப்பிவிடும், வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் எளிதில் மசியாது. கையில் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் முதல் மருந்து.

மூன்றாம் படி: எங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்

புருவத்துக்கான ட்வீசர், நகவெட்டி, த்ரெட்டிங் கத்தரி, கரும்புள்ளி எடுக்கும் கம்பி: இங்கேதான் ஸ்பிரிட் தன் வேலையை உருப்படியாகச் செய்கிறது. முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்குக்குக் கீழே இருக்கிற கிருமியைத் தொடாது. துடைத்து ஈரம் போனதும், பஞ்சை நன்றாக நனைத்து எல்லாப் பக்கமும் தேயுங்கள். அரை நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும், அப்புறம் தானாகக் காயட்டும். ஊதாதீர்கள், உடனே துணியால் துடைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். தோல் சுத்தமாக இருந்தால் சோப்பும் தண்ணீருமே போதும். ஸ்பிரிட் தடவினால் முழுக்கக் காயும்வரை காத்திருந்து குத்துங்கள். ஈரத்தில் குத்தினால் எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே சிலர் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். சர்க்கரை பார்க்க விரல் நுனியில் குத்தும்போது ஸ்பிரிட்டை விடக் கை கழுவுவதே மேல். மாம்பழம் சாப்பிட்ட கையில் இனிப்பு ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்க்கணக்குக் காட்டும்.

பிளாஸ்டர் எடுத்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் பசைக்கு ஒரு துடைப்பு போதும், தோல் கிழியாமல் இருந்தால்.

பாதத்துக்கு? டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் 1921-இல் தொடங்கியது. அதற்குத் தயாராகிறவர்கள் வாரக்கணக்கில் பாதத்தில் ஸ்பிரிட் தடவித் தோலைக் கெட்டியாக்குவது பழைய பழக்கம். கொஞ்சம் கெட்டியாகலாம். வறண்டு வெடித்தால் அந்த வெடிப்பே கொப்புளத்தை விட மோசம். சர்க்கரை நோயாளிகள் கால் விரல் இடுக்கில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் வெடிப்பு வந்தால் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும்.

நான்காம் படி: முகத்தை விட்டுவிடுங்கள்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மேல்தோலில் செல்களுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது, செங்கல்லுக்கு நடுவே பூசிய சிமென்ட் மாதிரி. ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதும் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும் அதுதான். ஆல்கஹால் கொழுப்பைக் கரைக்கும் பொருள். தடவியதும் முகம் சில்லென்று இறுகி, எண்ணெயில்லாமல் பளபளப்பதாகத் தோன்றும். அடுத்த நாளிலிருந்து இழுப்பு, அரிப்பு, எரிச்சல். பரு தோலின் மேலே உட்கார்ந்திருக்கும் அழுக்கால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் குழாய் உள்ளே அடைத்து, அங்கே வீக்கம் வருவதால் வருவது. மேலே தேய்க்கிற ஸ்பிரிட் அந்த அடைப்பைத் திறப்பதில்லை.

வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து, பெரும்பாலும் சிவப்பு ஆறிவிடும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படியில்லை. எரிச்சல் வந்த இடத்தில் தோல் கூடுதலாக நிறமியைச் சுரக்கும், பரு போன பிறகும் கறை நிற்கும். டர்பன் வெயில் பட்டால் அது இன்னும் கருக்கும்.

அடுத்து என்ன நடக்கும் என்று கவுண்டரில் நின்றவர்களைக் கேளுங்கள். இரண்டு மாதம் ஸ்பிரிட் வாங்கிய அதே பெண் மூன்றாம் மாதம் வந்து, "அக்கா, கறுப்பு போக ஏதாவது க்ரீம்?" என்று கேட்கும். கடையில் நல்ல பதில் கிடைக்காவிட்டால் லேபிளில்லாத டப்பாவை எங்காவது வாங்கும். தென்னாப்பிரிக்காவில் அழகுப் பொருட்களில் ஹைட்ரோகுவினோன் சேர்ப்பதை 1990-இல் தடை செய்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அதை வருடக்கணக்கில் பூசியவர்களின் கன்னத்தில் நீலக்கறுப்புத் தடிப்பு வந்ததை 1975-இலேயே தோல் மருத்துவர் ஃபிண்ட்லேயும் உடன் ஆய்வாளர்களும் எழுதிவிட்டார்கள். ஓக்ரோனோசிஸ் என்று அதற்குப் பெயர். வெளுக்கப் பூசியது கறுப்பாக்கிவிடும், அந்தக் கறுப்பு மருந்துக்கும் எளிதில் மசியாது. திருட்டுத்தனமாக விற்கும் க்ரீம்களில் பாதரசம் இருப்பதும் உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பஞ்சு ஸ்பிரிட்.

சரி, பருவுக்கு என்ன செய்வது?

காலையும் ராத்திரியும் மென்மையான, வாசனை குறைந்த ஃபேஸ்வாஷில் முகம் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனி மட்டும், துணி வேண்டாம். பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதத்தில் தொடங்குங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரியில், மெல்லிய பூச்சாக. தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும், நிறத்துணியை அது வெளுத்துவிடும். என் தங்கையின் மரூன் துண்டில் இன்றைக்கும் ஆரஞ்சுத் திட்டுகள் இருக்கின்றன. கரும்புள்ளிதான் பிரச்சினை என்றால் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் பொருத்தம். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். பழையபடி ஸ்பிரிட்டும் தடவிக்கொண்டு இதையும் பூசினால் தோல் உரியும், பிறகு மருந்தைக் குற்றம் சொல்வோம்.

மேலே எண்ணெயில்லாத மாய்ஸ்சரைசர். நம் வீடுகளில் பெரிய வெள்ளை டப்பாவில் நிற்கும் அக்குவஸ் க்ரீம் பற்றிக் கேட்பார்கள். அதைச் சோப்புக்குப் பதிலாகத் தடவிக் கழுவலாம். பூசி அப்படியே விட்டுவிட வேண்டாம், பலவற்றில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறது, அதுவும் தோலை வறட்டும். காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கறை மங்க வேண்டுமானால் இந்தக் கடைசிப் பொருளை விடவே கூடாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் நாளே கண்ணாடியில் தேடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் எந்தப் பரு மருந்தையும் கேட்காமல் தொடக்கூடாது, வைட்டமின் ஏ வகையை அறவே கூடாது. ஆழமாக வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, பள்ளம் விழுந்தாலோ கடை மருந்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், அழகுப் பொருட்களின் லேபிளில் ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் எல்லாம் மெழுகு மாதிரியான கொழுப்பு வகை, தோலை மிருதுவாக்கும். 'ஆல்கஹால் டினேச்சர்டு', 'ஐசோப்ரோப்பைல்' என்பவைதான் வறட்டுபவை. பட்டியலின் மேல்பகுதியில் வந்தால் அதிகம் இருக்கிறது, கடைசியில் வந்தால் கொஞ்சம் என்று கணக்கு. டோனரில் அது இரண்டாவது பெயராக வந்தால் அதுவும் வாசனை போட்ட ஸ்பிரிட்தான், விலை மட்டும் ஐந்து மடங்கு.

குழந்தைகளும் படுக்கையில் இருக்கும் பெரியவர்களும்

தொப்புள்கொடிக்கு ஸ்பிரிட் வைப்பது இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பாட்டி சொன்னாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாள் என்று தொடங்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கொடியைச் சுத்தமாக, உலர்வாக வைத்திருந்தாலே போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வழிகாட்டல். உங்கள் கிளினிக் நர்ஸ் வேறு மருந்து சொன்னால் அதைக் கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்கு ஸ்பிரிட் தோலைச் சுட்டுவிடும்.

காய்ச்சலுக்கு ஸ்பிரிட் போட்டு உடம்பு துடைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்க் குழந்தைகள் நினைவிழந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

படுக்கையில் இருக்கும் தாத்தா ஆயாவின் முதுகில் ஸ்பிரிட் தேய்த்தால் புண் வராது என்பதும் பழைய நர்ஸிங் பழக்கம். தோல் வறண்டு இன்னும் சீக்கிரம் கிழியும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் தப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், ஈரம் படும் இடத்தில் பாதுகாப்பு க்ரீம் பூசுங்கள்.

காவடி, கற்பூரம், நெருப்பு

தைப்பூசக் காலத்தில் கடையில் ஸ்பிரிட் சீக்கிரம் தீரும். வேல் குத்துவதற்கு முன் தோலைத் துடைக்க ஆகலாம், காய்ந்த பிறகு குத்தட்டும். ஆனால் ஊசியை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் சுத்தமாகிவிடும் என்று நம்பி ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தக்கூடாது. ரத்தம் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் அடியில் போகாது, ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. இரண்டும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஆளுக்கு ஒரு புது ஊசி, இல்லையென்றால் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கும் கருவி. குத்திய காயத்தில் பிறகு தினமும் ஸ்பிரிட் ஊற்றினால் ஆறுவது தாமதமாகும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்பு, மட்டமாக அளந்து, கரைத்துக் கழுவுங்கள்.

இப்போது நெருப்பு. ஐசோப்ரோப்பைல் ஆவி பற்றிக்கொள்ள 12 டிகிரி வெப்பம் போதும், தண்ணீர் கலந்தால் சில டிகிரி கூடும். டர்பனில் ஜூலை மாதப் பகலும் அதற்கு மேல்தான். கொரோனா வருடத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. தம்பி மகன் பூஜையறைக்கு வரும் வழியில் கையில் சானிடைசர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே வந்து, காயாத கையோடு கற்பூரத்தைப் பற்ற வைத்தான். உள்ளங்கையில் நீலமாக ஏதோ ஓடியது. பகல் வெளிச்சத்தில் ஆல்கஹால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அவன் அலறிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஈரத் துண்டைப் போட்டு அணைத்து, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையை வைத்தோம். மஞ்சளும் பற்பசையும் கொண்டு ஓடிவந்த பெரியம்மாவை வாசலிலேயே நிறுத்தினேன். இரண்டு கொப்புளத்தோடு போயிற்று.

அதனால் ஸ்பிரிட் தடவினால் கை முழுக்கக் காயும்வரை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். லோட்ஷெடிங்கில், அதாவது கரண்ட் நிறுத்திய நேரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள். தீமிதிக்கு முன்னால் பாதத்தில் தடவுவது பற்றி ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டாரே, அதுவரைக்கும் நல்லது. கூடவே கூடாது.

செலவுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், தட்டில் ஒட்டிய விலையில் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்தே இருக்கும். பார்க்க வேண்டியது மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்பதை. கணக்குக்காக 100 மி.லி. 30 ராண்ட், 500 மி.லி. 90 ராண்ட் என்று வைப்போம். சின்ன பாட்டில் மி.லி.க்கு 30 சென்ட், பெரியது 18 சென்ட். பெரியதே லாபம் மாதிரித் தெரியும். வீட்டில் ட்வீசரும் நகவெட்டியும் துடைக்க வாரத்துக்கு 5 மி.லி. ஆகும், சின்ன பாட்டிலே 20 வாரம் வரும். பெரியதைத் திறந்து திறந்து மூடினால் ஆல்கஹால் ஆவியாகி வீரியம் குறையும், நெருப்பு ஆபத்தும் கூடும். தினமும் ஊசி போடுகிறவர்களுக்குத் தனித்தனியாகச் சுற்றிய துடைப்புத் தாள் விலை கூடுதல்தான், ஆனால் சிந்தாது, பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

முகத்துக்கு என்றால் கணக்கே வேறு. ஒரு நாளைக்கு 2 மி.லி., மாதம் 60 மி.லி., அதாவது 18 ராண்ட். மலிவுதான். அது கொண்டுவந்த கறைக்குப் பிறகு வாங்கும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், கறை க்ரீம், டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றையும் அந்த 18 ராண்டோடு கூட்டிப் பாருங்கள்.

வைப்பதும் அவசரமும்

பாட்டில் எதுவோ அதிலேயே இருக்கட்டும். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. இந்த நாட்டில் பாரஃபினைக் குடித்த குழந்தைகளில் பலரும் அப்படி மாற்றி ஊற்றிய பாட்டிலில் இருந்துதான் குடித்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். மூடியை இறுக்கி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நனைத்த பஞ்சைக் குப்பையில் போடும் முன் காய விடுங்கள்.

கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிறகு டாக்டர். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள். கொஞ்சம்தானே என்று காத்திருக்கவும் வேண்டாம், மெத்தனால் என்றால் 10 மி.லி. கூடப் பார்வையைப் பறிக்கும். விஷ உதவி எண் 0861 555 777. மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112. பேசும்போது பாட்டில் கையில் இருக்கட்டும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.